ஆளுகை யாருக்கு?



ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டி, மனைவியை ஆள்வது கணவனுக்குக் கடவுள் தந்த உரிமை என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அந்த வார்த்தை எப்பொழுது சொல்லப்பட்டது? பாவம் புகுந்த பின்பு! அதற்கு முன்னே, முதல் அதிகாரத்தில், ஆணும் பெண்ணும் இறைவனின் சாயலாகவே படைக்கப்பட்டனர். பூமியை ஆளும் பொறுப்பும் இருவருக்குமே தரப்பட்டது. ஒருவர் மற்றவரை ஆளும்படி அங்கே கட்டளை இல்லை.

நிலம் முள்ளை முளைப்பிக்கும் என்பதும் அதே மூன்றாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அதற்காக நம் கரிசல் காட்டில் முள்ளை வளர்க்கிறோமா? மானாவாரிப் பருத்திக்குக் களை எடுக்கிறோம். வேலிக்கருவேலை வேரோடு வெட்டுகிறோம். முள் பாவத்தின் விளைவு என்றால், அடக்கியாளுவதும் அதன் விளைவே. 1988-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், பெண்ணின் மாண்பு பற்றிய தம் மடலில் இதையே விளக்கி, பணிந்து நடத்தல் கணவன் மனைவி இருவருக்கும் பொது என்றார்.

தீப்பெட்டி ஆபீசில் நாளெல்லாம் உழைத்த மனைவியின் கூலியைப் பிடுங்கிக் குடித்துவிட்டு, வேதத்தைச் சாட்சிக்கு அழைக்கலாமா? மகளின் படிப்பானாலும், வீட்டுக் கடனானாலும், இருவரும் கூடிப் பேசியே முடிவு செய்வோம். ஜூபிலிக்காகக் கோவிலுக்கு வெள்ளையடித்தோம். நம் வீட்டு முள்ளையும் களைவோம்.