கூட்டமா, கும்பலா, சங்கமா?

(தோட்டமொன்றில் நடந்த மே தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சொற்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம். "சம்பளத்தைப் பேசாமல் சொல்லைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஒருவனை என்ன பெயரிட்டு அழைக்கிறார்களோ, அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் அவனுக்கு மரியாதையும் ஊதியமும் அளக்கப்படுகின்றன.

மனிதர் பலர் சேர்ந்தால் அதற்குத் தமிழில் பெயர்கள் பல. திருவிழாவுக்கு வருவது கூட்டம். சண்டைக்கு வருவது கும்பல். ஒரு காரியத்தை ஆராய அமைப்பது குழு. தேர்தலுக்கு நிற்பது கட்சி. இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொண்டு நின்றாலும் அதற்குக் கட்சி கட்டுவது என்றே பெயர். சங்கம் என்பதோ மிகப் பழைய சொல். மதுரையில் தமிழாய்ந்த புலவர் அவையையும் சங்கம் என்றார்கள். புத்தர் வழி நின்ற துறவிகளின் அமைப்பையும் சங்கம் என்றார்கள்.

நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது இந்தப் பெயர்களில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் 'இன்ன கங்காணியின் ஆட்கள்'. காலைப் பெரட்டில் எத்தனை பேர் நின்றார்களோ, அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. துரைமார் ஏட்டிலோ அவர்கள் 'கூலிகள்'. வாங்குகிற காசே வாங்கும் மனிதனுக்குப் பெயராகிவிட்டது! தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை 1938 இல் இந்திய அரசு தடை செய்தது. கங்காணி ஆள் திரட்டுவது நின்றது. கூலி என்ற பெயர் நிற்கவில்லை.

1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது. சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரைக்கும் தோட்ட உத்தியோகஸ்தருக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையையும் கேட்டார்கள். கிராணி நண்பர்களே, உத்தியோகஸ்தர் என்பதில் நம் வர்க்கமும் அடங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. சங்கமாகக் கூடியவர்களைக் கலகக் கும்பலாக நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அதன் பிறகுதான் சட்டத்தின் துணையோடு சங்கங்கள் காலூன்றின. தனித்தனியாக இருந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954 இல் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் விளங்கினார்.

கூட்டத்துக்கும் சங்கத்துக்கும் வேறுபாடு என்ன? கூட்டத்தில் எத்தனை தலை என்று பிறர் எண்ணுகிறார்கள். சங்கத்திலோ உறுப்பினரே எண்ணுகிறார்கள்: சந்தாவை எண்ணுகிறார்கள், வாக்கை எண்ணுகிறார்கள், கணக்கைக் கேட்கிறார்கள். கூட்டம் மழை பெய்தால் கலைந்துவிடும். சங்கத்துக்குப் பதிவேடு உண்டு, விதி உண்டு, நாளைக்கும் அது இருக்கும். 1959 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் கையொப்பம் போதும். ஏழாயிரம் பேர் கூடிக் கூச்சலிட்டாலும் அது கூட்டந்தான். ஏழு பேர் விதி வகுத்துக் கையொப்பமிட்டால் அது சங்கத்தின் தொடக்கம்.

ஆனால் தோழர்களே, பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டால் மட்டும் போதாது. "சங்கம் என்ன கிழித்தது?" என்று லயத்து வாசலில் ஒரு குரல் கேட்கிறது. "சங்கம் வரட்டும், பார்ப்போம்" என்று இன்னொரு குரல். சங்கம் என்பது பட்டணத்திலிருந்து காரில் வரும் ஓர் ஆளா? 'சங்கம்' என்று சொல்லும் இடத்தில் 'நாம்' என்று போட்டுப் பாருங்கள். "நாம் என்ன செய்தோம்?" கேள்வியே மாறிவிடும். 'நாம்' என்று சொல்ல வாய் வராத இடத்தில் சங்கம் மறுபடியும் வெறும் கூட்டமாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பால்மரம் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் தொழிலாளர் வந்து, நம் பாட்டன்மார் படுத்த லயங்களிலேயே படுக்கிறார்கள். அவர்களை 'அந்தக் கும்பல்' என்று சொல்லும் நாக்கு நம்மவரிடையே உண்டு. ஏஜெண்டு தலைக்கு இவ்வளவு என்று பணம் பார்க்கிறான், பெயர் கேட்பாரில்லை. இந்தக் கதையை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? தொழிலாளி சங்கத்தில் சேருவதை எந்த வேலை ஒப்பந்தமும் தடுக்கக் கூடாது என்கிறது 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்க, நம் சொல் அதைச் சாத்தலாமா? அவர்கள் கும்பலாகவே இருந்தால் இலாபம் யாருக்கு? குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்று முதலாளி அவர்களைக் காட்டியே நம் ஊதியத்தையும் அமுக்குவார்.

ஆகவே, அடுத்த லயத்துக்குப் போவோம். முதலில் அவர்கள் பெயரைக் கேட்போம். நம் பெயரைச் சொல்வோம். பிறகு சந்தாப் புத்தகத்தை நீட்டுவோம். எண்ணப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இனி ஒருவரையும் வெறும் தலையாக எண்ண விடமாட்டோம் என்று இந்த மே நாளில் உறுதி கொள்வோம்.