பாட்டியை முன்னால் விடுவோம்



2020-ல் கொரோனாவால் கோயில்கள் பூட்டப்பட்டபோது, கொடைக்கானலில் நாமும் பரிசுத்த வாரத் திருப்பலியைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலுமே கண்டோம். அந்த உதவியை மறந்தால் நன்றி கெட்டவர்களாவோம். ஆயினும், மக்களும் அருட்சாதனங்களும் கூடியதே திருச்சபை, திரைவழி உறவு நெருக்கடி காலத்துக்கு மட்டுமே என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வாண்டு ஏப்ரல் 17-ல் தம் மறையுரையில் எச்சரித்தார். உண்மைதான். நற்கருணையைப் பார்த்தோம், பசி தீரவில்லை.

கதவுகள் திறந்தன. இப்போது என்ன செய்கிறோம்? ஆகஸ்டுத் திருவிழாவில் சலேத் மாதா தேர் வரும்போது, ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, திரைக்குள்ளேயே மாதாவைத் தேடுகிறோம்! நமக்குப் பின்னால் சாரலில் நடுங்கும் பாட்டிக்குத் தேரும் தெரிவதில்லை. குடை பிடிப்பாரும் இல்லை. மாதா படம்தான் நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறதே! இவ்வாண்டு அந்தப் பாட்டியை முன்னால் விடுவோமா?