சாணியில் இருக்கிற எரிபொருள்

2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சாணியிலிருந்தும் ஹைட்ரஜன் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். சாண எரிவாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். அதை நீராவியோடு 800 டிகிரி வாக்கில் சூடாக்கினால் ஹைட்ரஜன் பிரியும். அது ஆலை வேலை, நம்ம கொல்லையில் ஆகாது.

நமக்கு எரிவாயுவே போதும். நாலைந்து மாடு இருந்தால் தினம் 50 கிலோ சாணி. அதே அளவு தண்ணீரில் கரைத்து 2 கன மீட்டர் கலனில் விட்டால் ஐந்தாறு பேருக்குச் சமைக்கலாம். மண்ணும் வைக்கோலும் சேரக்கூடாது. புதுக்கோட்டைக் கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். மாட்டு மூத்திரம், தொழுவம் கழுவிய தண்ணீர் எல்லாம் ஆகும்.

வரட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போச்சு! கலன் கழிவில் அது பெரும்பாலும் தங்கும். வெயிலில் காயவிடாமல் குப்பையோடு மக்கவைத்து, செம்மண் கடலைக் கொல்லையில் கடைசி உழவுக்கு இடுங்கள்.