ஊமைக் கருவியும் உற்றுக் கேட்கும் செவியும்



கராடியில் வாழும் நம்மில் பலருக்குக் கணினியே சோறு போடும் கருவி. வாய் திறவாத அக்கருவியும் பேசும் என்பதை இன்று சொல்ல வந்தேன்.

மின்னோட்டம் விரைந்து மாறும்போதெல்லாம் மின்காந்த அலை பிறக்கிறது. கணினிக்குள் அது நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மாறுகிறது. ஆதலால் திரையும் அதன் கம்பியும், நாம் வேண்டாமலே, சிறு வானொலி நிலையங்களாகி விடுகின்றன.

1943 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், இராணுவச் செய்திகளை மறைமொழியாக்கும் பொறி இயங்கியபோதெல்லாம், தொலைவில் இருந்த அலைகாட்டியும் துடித்தது. படைத்துறையினர் இதை நம்பவில்லை. பொறியாளர்கள் நியூயார்க்கில் படைத்துறை நிலையத்திற்கு எதிரே, 80 அடி தொலைவில் அமர்ந்து, ஒரு மணி நேரம் அலைகளைப் பதிவு செய்தனர். சில மணி நேரத்திலேயே மறைசெய்தியில் முக்கால் பங்கைப் படித்துக் காட்டினர்! 1985 இல் நெதர்லாந்து நாட்டின் விம் வான் எக், சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் சிறு துணைக்கருவிகளைச் சேர்த்து, தொலைவிலிருந்த கணினித் திரையின் எழுத்துக்களைத் தம் பெட்டியில் வரவழைத்தார்.

இவ்வலைகளின் ஆற்றலுக்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. நாராயண்காவை அடுத்த கோடத் சிற்றூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 பெருங்கிண்ணங்கள் வானை நோக்கி நிற்கின்றன. 1970 இல் நம் உதகையில் வானொலித் தொலைநோக்கியை எழுப்பிய அறிஞர் கோவிந்த் சுவரூப்பே இதற்கும் தந்தை. விண்ணின் மெல்லொலியைக் கேட்கும் அச்செவிக்கு, மண்ணின் மின்கருவிகள் எழுப்பும் இரைச்சலே பெருந்தொல்லை.

இதற்குக் காப்பு என்ன? உலோகக் கவசம், மின்வடிகட்டி, போதிய இடைவெளி ஆகிய மூன்றுமே. இல்லத்தார் அஞ்ச வேண்டியதில்லை. இவ்வகை ஒட்டுக்கேட்டலுக்கு அரிய திறனும் கருவியும் அண்மையும் வேண்டும். நாட்டின் பாதுகாப்பையும் பிறர் செல்வத்தையும் காக்கும் பணியில் இருப்போரே விழிப்பாயிருக்க வேண்டும்.

ஆனால், அன்பர்களே, நம் அனைவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ‘தமிழ் இங்கு யாருக்குப் புரியப் போகிறது!’ என்று எண்ணி, பேருந்திலும் தேநீர்க் கடையிலும் அலுவலக மறைபொருளையும் கடவுச்சொல்லையும் கைப்பேசியில் உரக்கக் கூறுகிறோமே! அருகில் அமர்ந்திருப்பவர் திருநெல்வேலிக்காரராக இருந்தால்? கேட்பார் இல்லை என்று கருதியே அன்று மறைபொறியும் கசிந்தது. கருவிக்குக் கவசம் பொறியாளர் செய்வார். நாவிற்குக் கவசம் நாமே செய்ய வேண்டும்.