கல் நின்றது, பாட்டு போயிற்று!

(தருமபுரியில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தகடூர் எனப் பழம்பெயர் பூண்ட மண் இது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண். பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்த போரைப் பாடத் ‘தகடூர் யாத்திரை’ என்றொரு நூல் எழுந்தது. அந்நூல் இன்று முழுமையாக இல்லை. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் சிதறிக் கிடக்கும் சில பாடல்களே எஞ்சின. ஆநிரைப் போரில் மாண்ட மறவர்க்கு நட்ட நடுகற்களோ இம்மாவட்டத்தில் இன்றும் உள்ளன. கல் நின்றது, பாட்டு போயிற்று. காப்பாரற்ற பாட்டின் கதி இதுவே.

அயர்லாந்து மக்கள் தம் 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும் 1916ஆம் ஆண்டு எழுச்சியையும் பாட்டில் வைத்துக் காத்தனர். இசைத்தட்டுகளாக்கி உலகெங்கும் பரப்பினர். ஆயினும் அவற்றுள் மிகப்பல ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆங்கில ஆட்சியை எதிர்த்த பாட்டையும் ஆங்கிலத்திலேயே பாட நேர்ந்தது, தாய்மொழி தேய்ந்த நாட்டின் துயரம்!

தமிழனுக்கு அத்துயரம் நேரவில்லை. 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அக்கொடுமையின் நினைவோடு பிணைந்து இன்றும் பாடப்படுவது ‘மனுசங்கடா’ என்னும் பாட்டு. எழுதியவர் கீழக்கரையிற் பிறந்த பாவலர் இன்குலாப். சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் பயிற்றியவர். அதை மேடைதோறும் பாடி மக்கள் பாட்டாக்கியவர் நாட்டுப்புறவியல் அறிஞர் முனைவர் கே. ஏ. குணசேகரன். பறையும் பாட்டும் ஒலிநாடாவில் ஏறி ஊர்தோறும் சென்றன. எழுத்தறியாதவரும் கேட்டனர், கேட்டவர் பாடினர். பாவலரும் பாடகரும் 2016ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். பாட்டு மறையவில்லை.

இங்கே புலவருலகம் ஒரு வினா எழுப்பும். “பேச்சு வழக்கு கொச்சையன்றோ? ‘மனுசன்’ என்பது அயற்சொல் அன்றோ? ‘மாந்தர்’ என்று பாடியிருக்கலாகாதா?” என்பர். சொல்லின் வேரை ஆராய்வது புலவர் கடனே. அதைக் குறை கூறுவாரில்லை. ஆனால், தீக்குள் நின்று கதறுபவனின் சொல்லைத் திருத்த முற்படுவது எவர் கடன்? ‘நீ மாந்தனல்லை’ என்று காலங்காலமாகத் தள்ளி வைக்கப்பட்டவன், தன் வாயில் வழங்கும் சொல்லைக் கொண்டே தன்னை நிலைநாட்டுகிறான். முதலில் குரலைக் கேட்போம். பிறகு சொல்லை எடை போடுவோம். ஏற்றம் இறைத்தவனும் நாற்று நட்டவளும் காத்த தமிழே புலவர் ஏட்டுக்கும் ஊற்று என்பதை மறக்கலாகாது.

வெண்மணி தொலைவிலுள்ள ஊர், அது பழங்கதை என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2012 நவம்பர் 7ஆம் நாள் இதே தருமபுரி மாவட்டத்தில், நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் ஒடுக்கப்பட்டோர் வீடுகள் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டிலும் தமிழே வழங்கிற்று. எரித்தவன் வாயிலும் தமிழே வழங்கிற்று. சாதியால் பிளந்து நிற்கும் இனம் மொழியால் மட்டும் ஒன்றாகிவிடுமா? அயற்சொல்லைக் களைய முனைவோர் அயன்மையைக் களையாது விடுவது எவ்வகைத் தூய்மை?

இளையோரே! ஒலிநாடாக் காலம் போயிற்று. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி உள்ளது. நடவு வயலுக்குச் செல்லுங்கள், சேரிக்குச் செல்லுங்கள், மலையூர்களுக்குச் செல்லுங்கள். முதியோர் பாடுவதைப் பாடியபடியே பதியுங்கள். ஊரும் நாளும் குறித்து வையுங்கள். திருத்தாதீர்கள், கேளுங்கள்!

தகடூர் ஒரு பாட்டை இழந்தது போதும். இனியொன்றை இழத்தலாகாது.

வெல்க தமிழ்!