பாம்பு கடித்தவரைக் கொல்வது தாமதம்

(தாம்பரத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அதைப் பேச மற்றத் தோழர்கள் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பாம்புக்கடி. இதுவும் கூட்டத்தில் பேசுகிற விஷயமா என்று பின்வரிசையில் ஒரு தோழர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். முதலில் நாம் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். படப்பைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கூட்டம் முடிய நேரமாகி, இரவு அங்கேயே தங்கினோம். நடவுக்குப் போகும் ஒரு தாயின் வீடு அது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கயிற்றுக் கட்டில். அதை விருந்தாளிக்கென்று நமக்குக் கொடுத்துவிட்டார். அவரும் பதினோரு வயது மகனும் மண் தரையில் பாயைப் போட்டுப் படுத்தார்கள். நடுநிசி தாண்டி இரண்டு மணி இருக்கும், பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். விளக்கை ஏற்றிப் பார்த்தோம். காயம் இல்லை, வீக்கம் இல்லை. நாம் என்ன சொன்னோம்? “வாயுவாக இருக்கும், ஓமத் தண்ணீர் கொடுங்கள்” என்றோம். நாலெழுத்துப் படித்தவர் சொல்கிறாரே என்று அந்தத் தாயும் கொடுத்தார். நாலு மணிக்குப் பையனின் கண்ணிமைகள் சரிந்தன. தூக்கக் கலக்கம் என்றோம். பிறகு எச்சிலை விழுங்க முடியவில்லை, பேச்சுக் குழறிற்று. அக்கம்பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து பாயை உதறினார். உள்ளிருந்து கறுப்பாக, உடம்பில் வெள்ளைக் கோடுகளோடு ஒன்று நழுவி ஓடிற்று. கட்டுவிரியன்.

அதன் பிறகும் மந்திரிப்பவர் வீட்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா என்ற வாதத்தில் அரைமணி போயிற்று. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். முதலில் போன இடத்தில் மருந்து இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பாதி வழியில் பையனுக்கு மூச்சு நின்றுவிட்டது.

தோழர்களே, கட்டிலில் படுத்தது நாம். தரையில் படுத்தது அந்தப் பையன். இதை எந்தக் கூட்டத்திலும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி தெரியாது. பல் பட்ட தடமும் பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை சரிதல், கடைசியில் மூச்சு விடும் தசைகள் செயலற்றுப் போதல் என்பதுதான் அதன் வரிசை. தரையில் படுத்தவருக்கு நள்ளிரவில் காரணமில்லாமல் வயிறு வலித்து, இமை சரிந்தால், பாம்பைக் கண்ணால் காணாவிட்டாலும் பாம்புக்கடி என்றே கொள்ள வேண்டும். இப்படிப்பட்டவரை ஒரு யந்திரம் சில நாட்களுக்கு மூச்சு விடச் செய்தால், அவர் எழுந்து நடப்பார். யந்திரம் கிடைக்கும் வரை கையால் அமுக்கும் காற்றுப் பையாவது வேண்டும். கண் திறக்காமல், கை அசையாமல் கிடப்பவரைச் செத்துவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த நிலையிலும் அவருக்கு நினைவு இருக்கலாம், நாம் பேசுவது காதில் விழலாம்.

நமது பக்கத்தில் உயிரைக் குடிக்கும் பாம்புகள் முக்கியமாக நாலு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியன்தான் வயலில் நம்மவர்களுக்கு முதல் விரோதி. அது கடித்தால் வீங்கும், ரத்தம் உறையாமல் போகும், ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும், சிறுநீரகம் கெடும். இந்தியாவில் 300-க்கு மேற்பட்ட பாம்பு வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷப்பாம்பும் சில சமயம் பல்லைப் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமல் போய்விடும். மந்திரக்காரரின் பெயர் நிலைத்திருப்பதன் ரகசியம் இதுதான். மந்திரிக்காவிட்டாலும் பிழைத்திருக்கக்கூடியவர்களை அவர் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார். அவரை நாம் வெறுக்கவில்லை. ஆஸ்பத்திரி பத்து மைலுக்கு அப்பால் இருந்தால் ஜனங்கள் அடுத்த தெருவில் இருப்பவரிடம்தானே ஓடுவார்கள்?

விஷத்துக்கு மருந்து விஷமுறிவு மருந்து ஒன்றே. அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? நமது செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்துதான் தொடங்குகிறது. மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் தோல் வியாபாரத் தடையும் வந்த பிறகு வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாமல் நின்றார்கள். கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் இந்தச் சங்கம் அமைந்தது. அந்தப் பாம்புப் பண்ணையே முதலில் நமது சேலையூரில் தொடங்கி, 1972-இல்தான் கிண்டிக்குப் போயிற்று என்பது தாம்பரத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இருளர் தோழர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வரப்போரம் போவார். மண்ணில் ஊர்ந்த தடம், வளை வாயிலில் உரித்த சட்டை, எலியின் போக்கு ஆகியவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார். பிடித்த பாம்பை மண்பானையில் வைத்துத் துணியால் வாயைக் கட்டுவார்கள். சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, நாலு தடவை விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தை உலர்த்திப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். கம்பெனிகள் அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, விஷத்தை எதிர்க்கும் சக்தி அதன் ரத்தத்தில் ஊறிய பிறகு அந்த ரத்தத்திலிருந்து மருந்து செய்கின்றன. நாலு பாம்புக்கும் ஒரே மருந்து. இந்த தேசத்தில் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இந்த ஒரு சங்கத்திலிருந்து போயிருக்கிறது. நம் பக்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து வடக்கேயும் மேற்கேயும் உள்ள பாம்புகளுக்கு அதே அளவில் பலிப்பதில்லை என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். அந்தந்தப் பிரதேசத்து விஷம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் பிடிக்க வேண்டிய பாம்பின் எண்ணிக்கைக்கு வனத்துறையின் அனுமதிக் காகிதம் வராவிட்டால் பட்டம் வாங்கியவரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

மருந்து இருந்தும் ஏன் சாகிறோம்? கணக்கைப் பாருங்கள். 2000-த்திலிருந்து 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்கு 58,000 பேர். நாளொன்றுக்குச் சுமார் 160 பேர். பெரும்பாலோர் கிராமத்தார். நாலில் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தார்கள். கொடிய பாம்புகள் நிறைந்த ஆஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் சாகிறவர்களை வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தமிழ்நாட்டில் 2023-இல் 19,795 பேர் பாம்புக்கடிக்கு ஆளானதாகவும் 43 பேர் இறந்ததாகவும் சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. நல்ல கணக்குத்தான், ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர் பெரும்பாலும் பிழைக்கிறார் என்று அது காட்டுகிறது. வந்து சேராதவர் அந்தக் கணக்கில் எங்கே? நாம் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோன பையன் எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டான்? 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். இதை நாம் வரவேற்கிறோம். கணக்கு ஒழுங்காக வந்தால்தான் எந்த ஊருக்கு எத்தனை குப்பி மருந்து என்று தெரியும்.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டதே, இங்கே ஏது பாம்பு என்று கேட்காதீர்கள். ஏரியும் வயலும் இருந்த இடத்தில்தான் மனை போட்டிருக்கிறார்கள். குப்பை சேர்ந்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் பாம்பு வந்ததைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். கட்டட வேலைக் கொட்டகையிலும் செங்கல் சூளையிலும் அரிசி மில் களத்திலும் தரையில் படுக்கிறவர்கள் யார்? இரண்டாம் ஷிப்ட் முடிந்து விளக்கில்லாத பாதையில் செருப்போடு நடக்கிறவர் யார்?

கடிபட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடக்கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், மெட்டி, கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். கட்டியதால் காலை இழந்தவர்கள் உண்டு. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோவதில் நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டாவது ஆளும் கடிபடுவார், அவ்வளவுதான் லாபம்.

ஆஸ்பத்திரியில் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால், ரத்தம் உறைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. இதற்குப் பெரிய யந்திரம் வேண்டாம்; சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். விஷம் ஏறிய குறி தெரிந்தால் முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி வரை மருந்தை அங்கேயே ஏற்றத் தொடங்கி, பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. ஏனென்றால் கடிக்கிற பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. குறி ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு நாள் முழுவதும் வைத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருந்து சிலருக்கு ஒவ்வாமல் போகும் என்ற பயம் டாக்டர்களுக்கு உண்டு. அந்தப் பயம் நியாயமானது. அதற்கு அட்ரினலின் ஊசி கைவசம் இருக்க வேண்டும்.

பிழைத்தவர் கதையும் அதோடு முடிவதில்லை. அழுகிய விரலை எடுத்துவிட்டால் தறியில் நூல் பிடிப்பது எப்படி? சிறுநீரகம் கெட்டவர் டயாலிசிஸுக்கு அலைகிற நாளெல்லாம் கூலி இல்லாத நாள். மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யாவது இருக்கிறது. விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

ஆகவே அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வேலை செய்வோம். ஒவ்வொரு கிளையிலிருந்தும் இரண்டு தோழர்கள் தங்கள் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மரியாதையாகவே, நாலு விஷயம் கேட்டு நோட்டில் எழுதி வர வேண்டும்: விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, அதன் காலாவதித் தேதி என்ன, இரவில் டாக்டர் இருக்கிறாரா, காற்றுப் பை இருக்கிறதா. இல்லை என்ற பதில் வந்தால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள். அந்த நோட்டுகளோடு ஜில்லா சுகாதார அதிகாரியைப் பார்ப்போம். தரையில் படுக்கிறவர்கள் கொசுவலையை வாங்கி நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியனுக்கு அது நல்ல தடுப்பு. படப்பைக்கு அப்பால் உள்ள அந்தக் கிராமத்துக்கு முதல் வலையை நாமே கொண்டுபோகிறோம்.