பழகிப்போயிருக்கும் என்று சொல்லாதீர்கள்



ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பமும் முகாமைத்துவமும் கணினியும் படித்துப் பட்டம் பெறும் உங்களிடம் ஊனமுற்றவர்களின் உளநலம் பற்றிப் பேசப் போகிறேன். வைத்தியர்களால் மட்டும் ஆகாத காரியம் இது.

இலங்கையில் இளம்பிள்ளைவாதம் கடைசியாகப் பதிவானது 1993இல். அந்த நோயால் கால் சூம்பியவர்கள் எல்லோரும் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். பலருக்கு ஐம்பது, அறுபது வயது. நோய் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகு இவர்களில் பலருக்குத் தசைகள் மறுபடி தளர்கின்றன, களைப்பும் வலியும் சேர்கின்றன. ஒரு தடியை ஊன்றிக் காலமெல்லாம் படியேறியவர் ஒருநாள் ஏற முடியாமல் நிற்கிறார். சின்ன வயதில் இழந்து, பாடுபட்டு மீட்ட நடையை இரண்டாம் முறை இழக்கிறார்.

அப்போது பக்கத்து லயக் காம்பராவில் சொல்வார்கள்: “சின்னதிலேருந்தே இப்புடித்தானே, பழகிப்போயிருக்கும்.” இன்னொருவர் சொல்வார்: “இப்புடி இருந்தா மனசு எப்புடி நல்லாருக்கும்?” முதல் பேச்சு, துயரமே இல்லை என்கிறது. இரண்டாவது, அதைத் தீர்க்க வழியில்லை என்கிறது. இரண்டும் தவறு. தூக்கமின்மையையும் பசியின்மையையும் ஊனத்தின் கணக்கில் எழுதிவிடுவதால் மனச்சோர்வு கண்ணில் படாமல் போகிறது. அது தனி நோய். எல்லோருக்கும் போலவே அவருக்கும் சிகிச்சையால் தணியும்.

மனச்சோர்வுக்கு இடமும் ஒரு காரணம். பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்ட லயங்களைப் பாருங்கள். வாசலில் படி, கழிப்பறைக்குச் சரிவான பாதை, மழை பெய்தால் வழுக்கல். இரவில் யாரையும் எழுப்ப வேண்டாமென்று மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்தும் பெண்ணின் கவலை, கால் பற்றியதல்ல, பாதை பற்றியது. தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்தவருக்குத்தான் மதிப்பு. பேரில்லாதவர் நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்து, சோறாக்கி வைத்தாலும் “வீட்டுல சும்மா இருக்காரு” என்பார்கள். அந்தச் ‘சும்மா’வை இருபது வருடம் கேட்டால் எந்த மனம் தாங்கும்?

துணிந்து பதுளைக்கு வைத்தியரிடம் வந்தாலும் மொழி குறுக்கே நிற்கும். சிங்களம் தெரிந்த மகன் மொழிபெயர்க்கிறான். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று மகன் வாயால் சொல்லவைக்க எந்தத் தாய் துணிவாள்? உங்களில் இரு மொழியும் அறிந்தவர்கள் இதை மனதில் வையுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி எண்ணையும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

ஊனமுற்றவர்களுக்கென்று சட்டங்கள் இருக்கின்றன. அரச வேலைகளில் மூன்று சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது. ஆட்சேர்ப்பில் பாகுபாடு கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஊனமுற்றவர்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை நாடு 2016இல் ஏற்றது. ஆனால் நாளை தோட்டத்தில் வேலை பிரிப்பவர்களும், தொழிற்சாலைக் கணக்கறைக்கு ஆள் எடுப்பவர்களும், புது வீட்டுத் திட்டத்துக்குக் கையொப்பம் இடுபவர்களும் நீங்கள்தான். உட்கார்ந்து செய்யும் வேலை எது என்று முதலில் தேடுங்கள். நேர்முகத் தேர்வை மேல்மாடியில் வைக்காதீர்கள். வீட்டு வரைபடம் வந்தால் கழிப்பறைக் கதவின் அகலத்தைப் பாருங்கள். ஊனமுற்ற ஒருவர் உங்கள் முன் வந்தால், துணைக்கு வந்த தம்பியிடம் விசாரிக்காமல் அவரிடமே கேளுங்கள்: என்ன வேலை தெரியும், எது வேண்டும், இரவில் தூக்கம் வருகிறதா.